ஞாயிற்றுக்கிழமை வரை அவர் இருக்க வேண்டும்

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவானபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு நாளைத்தான் கேட்டோம். அவளுக்கு வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் ஹட்டனில் ஓர் ஆட்டோ பிடித்து நுவரெலியா வரை போவது, சாயங்காலம் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். கூட யாரும் வரக் கூடாது. அவள் பிள்ளைகள் வேண்டாம், என் பிள்ளைகள் வேண்டாம், மாமியார்கள் வேண்டாம், புருஷன்மார் வேண்டவே வேண்டாம்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கக் காரணமும் இருந்தது. நாங்கள் இருப்பது டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். இங்கிருந்து நுவரெலியா போக, லிந்துலைக்கு இறங்கி அப்படியே மேலே ஏறினால் போதும். நானோ லிந்துலையைத் தாண்டி, தலவாக்கலையைத் தாண்டி, ஹட்டன் வரை பஸ்ஸில் போய், அங்கே ஆட்டோவில் ஏறி, வந்த வழியாகவே திரும்பி வரப் போகிறேன்.

"தலையச் சுத்தி மூக்கத் தொடுறீங்க ரெண்டு பேரும். லிந்துலையிலயே ஏறிக்கிட்டா என்னவாம்?" என்றார்.

"அப்ப ஹட்டன்ல இருந்து லிந்துலை வரைக்கும் எங்கக்கா யார்கிட்ட பேசிக்கிட்டு வருவா?" என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது நுவரெலியா இல்லை, அந்த ரோடு. அக்காவை ஹட்டனுக்கு அந்தப் பக்கம் கினிகத்தேனையில் கட்டிக் கொடுத்து இருபது வருடமாகிறது. அதற்குப் பிறகு நாங்கள் சந்தித்ததெல்லாம் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கருமாதியிலும்தான். எங்கே பார்த்தாலும் எங்களுக்கு நடுவில் ஒரு பெரிய பாத்திரம் இருக்கும், அவள் வெங்காயம் உரிப்பாள், நான் தேங்காய் துருவுவேன். அவள் வீட்டுக்கு நான் போனால் அவள் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். என் வீட்டுக்கு அவள் வந்தால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு இரண்டு அறை, சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவதுகூட இந்தப் பக்கம் கேட்கும். அங்கே என்ன ரகசியம் பேசுவது?

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்தபோது அக்கா வந்து சேருவதற்குள் தூக்கிவிட்டார்கள். நல்ல மழைக்காலம். கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் மண் சரிந்து அவள் வந்த பஸ் நின்றுவிட்டது, போனும் கிடைக்கவில்லை. நாலு மணி வரை பார்த்தோம். வெட்டிய குழியில் தண்ணீர் நிறைகிறது என்று ஒருவர் வந்து சொன்னார். தோட்டத் தலைவர் என்னிடம் வந்து, "என்னம்மா செய்யிறது, தூக்கிறலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஆறு மணிக்கு அக்கா நனைந்துபோய் வந்து வெறும் வாசலில் நின்றாள். ஆம்பளைகள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அவள் திட்டித் தீர்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயைப் பிறகு திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் அந்நிய தேசத்தில் இருக்கப் போகிறவளிடம் போனில் சொல்கிற விஷயம் இல்லை இது.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அங்கே ஏறி உட்கார்ந்து மூன்று வாரம் நாங்கள் திட்டம் போட்டோம். கொட்டகலையில் நிறுத்தி டீ குடிப்பது. டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற திருப்பத்தில் இறங்கிப் படம் எடுப்பது. அக்கா ரொட்டியும் கட்ட சம்பலும் கொண்டு வருவது, நான் ஒன்றும் கொண்டு வராமல் இருப்பது. நுவரெலியாவில் பூந்தோட்டத்துக்குள் போவதா, ஏரிக்கரையில் சும்மா உட்காருவதா என்பதில் மட்டும் சண்டை. நான் எனக்குள் இன்னொரு திட்டமும் வைத்திருந்தேன். தலவாக்கலை வரை சிரித்துப் பேசிக்கொண்டு போக வேண்டும். நானுஓயா ஏற்றத்தில் ஆட்டோ மெதுவாகப் போகும், அங்கே சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரையில் அவள் அழுது முடிக்க நேரம் இருக்கும்.

இந்த நேரம் பார்த்துக் கோடி வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்தார்.

எங்கள் லயத்தின் கடைசி அறையில் இருப்பவர். எண்பதைத் தாண்டியவர். எனக்கு அவரோடு பெரிய ஒட்டுறவு எதுவும் கிடையாது, பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதோடு சரி. ஆனால் லயத்தில் ஒரு சாவு என்றால் பிணம் வெளியேறும்வரை ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. யாரும் வெளியே போக மாட்டார்கள். முன்பு ஒரு குடும்பம் அப்படி ஒரு நாளில் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது தூக்க ஆள் வராமல் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

எனக்கு ஓடிப் போக வேறு ஊரும் இல்லை. நான் பிறந்தது இதே தோட்டத்தில் மேல் லயத்தில், வாக்கப்பட்டது கீழ் லயத்தில். நடுவில் இருப்பது நாற்பது படிகள். என் கல்யாண ஊர்வலம் பத்து நிமிடத்தில் முடிந்தது. நாளைக்கு என்னைத் தூக்குகிறவர்களும் இந்தப் பத்து வீட்டு ஆட்கள்தான்.

ஆகவே அவர் சாகக் கூடாது. குறைந்தபட்சம் ஞாயிற்றுக்கிழமை வரை சாகக் கூடாது. அந்த எண்ணம் வந்த அன்றே ஒரு கிண்ணம் கஞ்சியோடு கோடி வீட்டுக்குப் போனேன்.

காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை. கஞ்சியில் கொஞ்சம் பால் விட்டேன். டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று மருந்து வாங்கி வந்தேன். கம்பளி ஈரமாக இருந்தது என்று என் வீட்டுக் கம்பளியைப் போர்த்தினேன். அவர் மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் பார்த்தால் என் ஞாயிற்றுக்கிழமையை யார் காப்பாற்றுவது?

அவருடைய மருமகளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கண் கலங்கிவிட்டார். "பெத்த புள்ளைங்க மூணு பேரு இருக்கானுங்க, ஒருத்தனும் இப்படிப் பாக்கல. நீ மனுசி புள்ள," என்றார். லயம் முழுக்க இதே பேச்சு. என் மாமியார்கூட, தான் படுக்கையில் விழுந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை வந்து, என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். "எப்படிம்மா இருக்காரு ஒன் பேசண்ட், ஞாயித்துக்கெழம தாங்குவாரா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சனிக்கிழமைக்குள் அவர் வேறு யார் கையாலும் சாப்பிடாமல் போனார். அண்ணி ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார், நான் போனால் திறப்பார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஞாயிறு அதிகாலையில், பஸ்ஸுக்குப் புறப்பட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டே போய் நாலு கரண்டி ஊட்டினேன். விழுங்கினார். மூச்சு சீராக இருந்தது. தப்பித்தோம் என்று படி இறங்கினேன்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் அக்கா எனக்கு முன்பே வந்து நின்றாள். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு பின்னல் போட்டிருந்தாள், நாற்பத்திரண்டு வயதில். ஆட்டோக்காரர் பழக்கமானவர், வாய் ஓயாதவர். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் நல்ல நேரம். கொட்டகலையில் டீ குடித்தோம். அவள் மாமியார் பேசுகிற மாதிரி அவள் பேசிக் காட்ட, நான் டீயைச் சேலையில் கொட்டிக்கொண்டேன். டெவன் தெரிகிற திருப்பத்தில் இறங்கினோம். படம் எடுக்கப் போனை வெளியே எடுத்தபோது அது அடித்தது.

என் போனில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அதனால் அக்காவும் எல்லாவற்றையும் கேட்டாள்.

"தாத்தா போயிட்டாரு. எட்டரைக்கு," என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கேலி இல்லை.

"நான் சாயங்காலம் வந்துர்றேன். ஊர்ல இல்லன்னு சொல்லுங்க."

"சொல்லியாச்சு. ஒறவுக்காரங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க, மத்தியானமே எடுத்துறலாம்னாங்க. அண்ணிதான் விட மாட்டேங்குறாங்க, பாறைக்கே ஏறி வந்துட்டாங்க. இந்தா, பேசு."

அண்ணி அழுதுகொண்டே பேசினார். "புள்ள, ஒன் கையாலதான் கடைசியாச் சாப்பிட்டாரு. நீ வந்து வாய்க்கரிசி போடாம தூக்க விட மாட்டேன். எத்தன மணியானாலும் வச்சுக்கிட்டு இருப்போம். நீ வா."

நான் அந்தக் கஞ்சியை ஊட்டாமல் இருந்திருந்தால் என்னை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஊரில் இல்லாத நேரத்தில் விழுந்த சாவு, திரும்பி வந்து ஒரு பாட்டம் அழுதால் மன்னித்துவிடுவார்கள். இப்போது பத்து வீட்டு அடுப்பும் எனக்காக அணைந்து கிடக்கிறது. நான் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தால் அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, கயிற்றை நானே முறுக்கி நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அருவியைப் பார்த்துக்கொண்டு, "போ. காக்க வைக்காத," என்றாள்.

தலவாக்கலை வரை ஒன்றாகப் போய், அங்கே நான் டயகம பஸ் ஏறுவது, அவள் அதே ஆட்டோவில் ஹட்டனுக்குத் திரும்புவது என்று ஆட்டோக்காரரே முடிவு செய்துவிட்டார். அந்தக் கொஞ்சத் தூரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். இதோ அடுத்த திருப்பத்தில், இதோ இந்தப் பாலத்துக்குப் பிறகு என்று தள்ளினேன். ஆட்டோக்காரர் தன் மாமனார் செத்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவின் சாவைப் பற்றி நான் எப்படி ஆரம்பிப்பது? எங்கே ஆரம்பித்தாலும், ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கிழவரைத் தூக்க எனக்காக ஒரு லயமே காத்திருக்கிற இடத்தில்தான் வந்து நிற்கும். அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை.

தலவாக்கலையில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர் கத்திக்கொண்டிருந்தார். அக்கா இறங்கி வந்து ரொட்டிப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"போற வழியில சாப்பிட்டுரு. அங்க அடுப்பு எரியாது," என்றாள். நான் ஒரு காலைப் படியில் வைத்த பிறகு, மெதுவாக, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "அம்மாவத் தூக்கலாமான்னு கேட்டப்ப நீதான் தலையாட்டினேன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே ஒருத்தவங்க சொல்லிட்டாங்க. நீயாச் சொல்லுவேன்னு இவ்வளவு நாளா இருந்தேன்."

நடத்துநர் என்னை உள்ளே தள்ளிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் பக்கம் போவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. நான் போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை. அக்கரப்பத்தனை வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து மூன்று ரொட்டியையும் அழுதுகொண்டே தின்றேன். பசித்தது, அதுவும் உண்மை.

லயத்து வாசலில் நான் தெரிந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. தப்பு வேகமாக அடித்தார்கள். அண்ணி என்னைக் கட்டிப் பிடித்தார். பெரியவரின் வாயில் அரிசியைப் போட்டேன், போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பாடை படி இறங்கிப் போன பிறகும் அழுதேன். இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிக் கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள்.

அந்த அழுகையைப் பற்றி இன்றைக்கும் லயத்தில் பேசுகிறார்கள். பெற்ற மகள்கூட அப்படி அழ மாட்டாள் என்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. மறுத்தால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும், அதைக் கேட்க வேண்டியவள் அந்த வியாழக்கிழமையே விமானம் ஏறிவிட்டாள்.