ஒன்பதாம் நம்பரின் ஐந்து ஃபவுல்கள்

1. டேபிளுக்கு வாய் கிடையாது

பாஸ்கெட்பால் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். ரெஃப்ரி ஏழாம் நம்பர் என்று விரலைக் காட்டினார். தள்ளியது ஆறாம் நம்பர். என் கண்ணால் பார்த்தேன். "சார், அது ஆறு சார்!" என்று எழுந்து கத்திவிட்டேன். ஆட்டமே நின்றுபோனது.

பக்கத்தில் டைமர் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "உக்காரும்மா. டேபிளுக்குக் கண்ணு கீது, கையி கீது. வாயி கெடையாது. அவரு இன்னா காட்டறாரோ அத எழுது."

அதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் முடியும்வரை நான் வாயைத் திறந்ததில்லை. முடிந்த பிறகு வட்டியும் முதலுமாகத் திறப்பேன், அது வேறு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

ஊரப்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். லீவு நாட்களில் டேபிள் வேலை. இதோடு ஒரு விளையாட்டு இணையதளத்துக்காகப் பதினொரு வருடம் இன்னொரு வேலையும் செய்தேன். மாநிலத்தின் சிறந்த பள்ளி வீராங்கனைகள் இருபத்தைந்து பேரை வரிசைப்படுத்தி லிஸ்ட் போடுவது. சீசன் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று.

மாவட்டம் மாவட்டமாக ஸ்கோர் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிக் கழித்து லிஸ்ட் போடுவேன். அந்த ஷீட்டில் முக்கியமாக இரண்டு விஷயம்தான் இருக்கும். யார் எத்தனை பாயிண்ட், யார் எத்தனை ஃபவுல். யார் பாஸ் கொடுத்தாள், யார் ரீபவுண்ட் எடுத்தாள், யார் கீழே விழுந்து பந்தைக் காப்பாற்றினாள் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது.

லிஸ்ட் வந்த அன்று போன் ஓயாது. "மேடம், எம்பொண்ணு பதினாலாவதா? அவ ஹைட்ட பாத்தீங்களா?" என்று ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். "ஹைட்டுக்கு லிஸ்ட் போட்டா தென்ன மரம்தான் சார் மொதல்ல வரும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஆனால் அவர்கள் பதறுவதில் நியாயம் இருந்தது. கல்லூரி கோச்சுகள் அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் ட்ரையலுக்கு ஆள் கூப்பிட்டார்கள். ட்ரையலில் தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் வந்துவிடும். பல வீடுகளில் அந்தப் பெண் கல்லூரிக்குப் போக வேறு வழியே கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்த தப்பைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2. கையத் தூக்கு

நெம்மேலிக்குத் தெற்கே கடலோரமாக ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே சிமெண்ட் கோர்ட்டுதான். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் தூரத்திலிருந்து போடும் பந்து ரிங்குக்குப் போகாமல் காம்பவுண்டுக்குப் போகும். அந்தக் கோர்ட்டில் ஒரு டீமை உண்டாக்கினவர் கன்னியப்பன் மாஸ்டர். எனக்கு நல்ல சிநேகிதர். கோபம் வந்தால் விசிலைக் கடித்தே உடைப்பார்.

அவர் பழைய ஆள். ஃபவுல் செய்தவள் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் ரூல் இருந்தது. இப்போது ரூல் புத்தகத்தில் அது இல்லை. ஆனால் கன்னியப்பன் விடமாட்டார். "தப்பு பண்ணா கையத் தூக்கு. ரெஃப்ரிய தேட வுடாத" என்பார். அவருடைய பெண்கள் விசில் ஊதினதும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ரெஃப்ரிகளுக்கும் சௌகரியம். ரிங்குக்குக் கீழே நாலு பேர் முட்டிக்கொண்டு நிற்கும்போது யார் தட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? தூக்கின கையைப் பார்த்து டேபிளுக்கு நம்பரைக் காட்டிவிடுவார்கள்.

அந்த டீமில் பதினொன்றாம் நம்பர் மோனிஷா. நல்ல உயரம். ஒவ்வொரு மேட்சிலும் அவள்தான் அதிக பாயிண்ட். ஒன்பதாம் நம்பர் எஸ்தர். குள்ளம், ஒல்லி, வாய் மட்டும் ஆறடி. இரண்டு பேரும் ப்ளஸ் டூ. எஸ்தருடைய அம்மா ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் ரூம் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். ட்ரையலுக்குக் கூப்பிடாவிட்டால் ப்ளஸ் டூ முடித்த கையோடு எஸ்தர் கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான். தெருமுனையில் விடியற்காலையில் வந்து நிற்குமே, ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன், அதுதான். வீட்டில் பேசி முடித்தாயிற்று என்று கன்னியப்பன் சொல்லியிருந்தார்.

சீசன் நடு லிஸ்டில் மோனிஷாவை மூன்றாவதாகப் போட்டேன். எஸ்தரை இருபத்தைந்திலும் சேர்க்கவில்லை. ஐந்து ஃபவுல் வாங்கினால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது ரூல். அவள் பாதி மேட்சுகளுக்கு மேல் ஐந்தும் வாங்கி மூன்றாவது குவார்ட்டரிலேயே வெளியே போயிருந்தாள். பாயிண்ட் சொற்பம். என் நோட்டில் அவள் நம்பருக்கு எதிரே "அவசரக்குடுக்கை. கன்ட்ரோல் இல்லை" என்று எழுதி வைத்தேன். அந்த எழுத்தை இன்று பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மோனிஷா கணக்கில் மேட்சுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஃபவுல். ரிங்குக்குக் கீழேயே நாள் முழுக்க மல்லுக்கட்டும் ஒரு சென்டருக்கு இரண்டே ஃபவுலா? இத்தனை வருடம் டேபிளில் உட்கார்ந்தவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

3. அரை இறுதி

செங்கல்பட்டில் அரை இறுதி. நான்தான் ஸ்கோரர். ஒன்றாவது, மூன்றாவது குவார்ட்டரைச் சிவப்பிலும் மற்ற இரண்டை நீலத்திலும் எழுதுவது எங்கள் வழக்கம். இது மூன்றாவது, அதனால் கையில் சிவப்புப் பேனா. என் டேபிளுக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில் எதிர் டீம் பெண் பந்தோடு வந்தாள். மோனிஷா அவள் மணிக்கட்டில் பளீரென்று ஒரு அடி அடித்தாள். சத்தமே கேட்டது. விசில். ரெஃப்ரி அந்தப் பக்கம் நின்றிருந்ததால் அவருக்கு முதுகுகள்தான் தெரிந்திருக்கும்.

எஸ்தர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் கை அந்தப் பெண்மேல் படவே இல்லை. விசில் சத்தம் அடங்குவதற்குள் எஸ்தருடைய வலது கை மேலே போய்விட்டது.

ரெஃப்ரி டேபிளைப் பார்த்து ஒன்பது என்று காட்டினார். அது அவளுக்கு ஐந்தாவது.

என் வாய் துறுதுறுத்தது. டேபிளுக்கு வாய் கிடையாது. சிவப்புப் பேனாவால் ஒன்பதுக்கு நேரே ஐந்தாவது கட்டத்தை நிரப்பினேன். ஐந்து என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எஸ்தர் ஜெர்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜாலியாக வெளியே போனாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் கையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தாள். "மோனி, வுடாதடி! கெலிச்சிடலாம்!"

கெலித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வாசல் கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தவளைப் பிடித்தேன். மோனிஷா இரண்டு ஆள் தள்ளி நின்று டீ வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அது மோனிஷா ஃபவுல்தானே? நீ எதுக்குக் கையத் தூக்கின?"

எஸ்தர் முழித்தாள். பிறகு சிரித்து மழுப்பினாள். "நீங்க பாத்துட்டீங்களா மேடம்? ரெஃப்ரி கைல சொல்லாதீங்க, பேஜாராய்டும்."

"இதுக்கு முன்னாடியும் தூக்கியிருக்கியா?"

"எல்லா மேட்சுலயும்தான். அவ வெளிய வந்தா மேட்சு காலி மேடம். நா வந்தா இன்னா ஆவப் போவுது?"

"அப்படின்னு யாருடி சொன்னா உனக்கு? கன்னியப்பனா?"

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு. யாரும் சொல்லல." போண்டாவை வாயில் வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நீங்கதான லிஸ்ட் போட்டீங்க. அதுல அவ மூணாவுதா கீறா. நா இல்லவே இல்ல. அப்ப யாரு வெளிய போவணும்?"

வாய்க்குப் பேர் போனவள் நான், போண்டாக் கடை வாசலில் ஊமையாக நின்றேன். லிஸ்டுக்கு முன்பே பல மேட்சில் தூக்கியிருக்கிறாள்தான். ஆனால் லிஸ்ட் வந்த பிறகு அது அவளுக்குச் சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்தை எழுதினவள் நான்தான்.

டீ கிளாசைப் பிடித்தபடி மோனிஷா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

ரயிலில் வரும்போதே ஒரு கல்லூரி கோச்சுக்குப் போன் போட்டேன். அவர் மறுநாள் மோனிஷாவைப் பார்க்க வருவதாக இருந்தது.

"ஒன்பதாம் நம்பர்னு ஒரு பொண்ணு இருக்கா. அவளையும் ட்ரையலுக்குக் கூப்பிடுங்க."

"லிஸ்டுல எத்தனாவது மேடம்?"

"லிஸ்டுல இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "இன்னா மேடம் நீங்க? உங்க லிஸ்ட நம்பித்தான் நானே வந்துகினு கீறேன். லிஸ்டுல இல்லாத பொண்ண நீங்களே கூப்பிடச் சொன்னா எப்படி? நாளைக்கு ஆட்டத்துல பாக்கறேன், விடுங்க."

ஆட்டத்தில் எப்படிப் பார்ப்பார்? மூன்றாவது குவார்ட்டரிலேயே அவள் பெஞ்சுக்குப் போய்விடுவாளே.

கன்னியப்பனிடமும் சொன்னேன். "தன்னுதுக்குத் தூக்குன்னுதான மேடம் சொன்னேன்" என்றார். "அடுத்தவ தப்புக்குத் தூக்குன்னு நா சொல்லவே இல்லியே."

4. இறுதி ஆட்டம்

மறுநாள் அதே கோர்ட். அதே டேபிள். கல்லூரி கோச் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கன்னியப்பன் காலையில் எஸ்தரைக் காய்ச்சி எடுத்திருந்தார் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவள் அடங்குகிற ரகம் இல்லை.

முதல் குவார்ட்டரில் ரிங்குக்குக் கீழே மோனிஷா ஒருத்தியைத் தள்ளினாள். விசில். எஸ்தர் கை பழக்கத்தில் பாதி எழும்பியது. அதற்குள் மோனிஷா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரெஃப்ரி முன்னால் போய் நின்றாள்.

"ஏய், இன்னாடி பண்றே?" என்றாள் எஸ்தர்.

"என்னுது, நா தூக்கறேன். உனுக்கு இன்னா?"

பதினொன்றுக்கு நேரே ஒன்று எழுதினேன். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது மோனிஷாவுக்கு நாலு. எஸ்தருக்கு ஒன்றே ஒன்று. அது அவளே செய்தது.

கடைசிக் குவார்ட்டரில் நீலப் பேனாவை எடுத்தேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பந்துக்கு எம்பும்போது மோனிஷாவின் முழங்கை எதிராளி தோளில் இடித்தது. ஒரு கும்பலே அங்கே இருந்தது. சும்மா நின்றிருந்தால் ரெஃப்ரி வேறு யார் நம்பரையாவது காட்டியிருக்கலாம். அவள் கையைத் தூக்கினாள். கடலோரத்துப் பெண், கொடிக்கம்பம் போல நின்றாள்.

ஐந்தாம் அட்டையைத் தூக்கினேன். மோனிஷா டேபிளைத் தாண்டிப் போகும்போது குனிந்து சொன்னாள்: "இப்ப அவளப் பாருங்க மேடம்."

பார்த்தேன். அந்த சீசனில் எஸ்தர் கடைசிக் குவார்ட்டரில் ஓடி நான் பார்த்ததே இல்லை. காற்றில் பந்தை மேலே அனுப்பக் கூடாது என்று கடற்கரை கோர்ட்டில் பழகியவள். தரையோடு தரையாக பவுன்ஸ் பாஸ் விட்டாள். தன்னைவிட ஒரு தலை உயரமானவளைச் சுற்றிக்கொண்டு போய் போர்டில் தட்டிப் போட்டாள். பந்தைப் பறித்தாள், கீழே விழுந்தாள், எழுந்து முழங்காலில் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு ஓடினாள். நடுநடுவே எல்லோரையும் திட்டினாள். எதிர் டீம் கோச் இரண்டு டைம் அவுட் எடுத்து இரண்டு பேரை அவள்மேல் விட்டார். பெஞ்சில் மோனிஷா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். ஸ்கோர் எழுதிக்கொண்டே நான் கண்ணைத் துடைத்தேன். நீல மை ஓரிடத்தில் இழுகிவிட்டது. அந்த ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரு பாயிண்டில் தோற்றார்கள். மோனிஷா உள்ளே இருந்திருந்தால் கெலித்திருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். எஸ்தர் நேராக அவளிடம் போய் முதுகில் ஒன்று வைத்தாள். "அறிவு கீதா உனுக்கு? கப்பு போச்சுடி!" பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பின்னாலிருந்து கல்லூரி கோச் குனிந்து ஷீட்டைப் பார்த்தார். "நேத்து நீங்க சொன்ன ஒன்பதாம் நம்பரா மேடம் இது? உங்க லிஸ்டுல எப்படி இல்லாம போனா?"

ஷீட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி டேபிளுக்கு வாய் உண்டு.

"லிஸ்ட் தப்பு சார்" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் ஆனது.

5. பிறகு

இரண்டு பேரும் ட்ரையலுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரியில் சீட்டு. சீசன் முடிவு லிஸ்டில் மோனிஷாவை ஐந்தாவதாகவும் எஸ்தரை எட்டாவதாகவும் போட்டேன். லிஸ்ட் வந்த அரை மணியில் போன் வந்தது. "மோனி அஞ்சு, நா எட்டா? நடுவுல அந்த மூணு நம்பர இன்னா பண்ணீங்க மேடம்?" எஸ்தரேதான். "கொழுப்பு கொறஞ்சதும் குடுக்கறேன், வைடி போனை" என்றேன். அதுதான் நான் போட்ட கடைசி லிஸ்ட்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். போட்டோவில் வரும் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். பஸ் ஏறி கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் போடும் நம்பரை கோச்சுகள் மட்டும் படிப்பதில்லை, அந்தப் பெண்களும் படிக்கிறார்கள். படித்துவிட்டு, தான் அவ்வளவுதான் போல என்று நம்பிவிடுகிறார்கள்.

டேபிள் வேலையை மட்டும் நான் விடவில்லை. போன மாதம் கல்லூரிகளுக்கு இடையே ஒரு மேட்ச். ரிங்குக்குக் கீழே ஒரே தள்ளுமுள்ளு. விசில். எஸ்தர் கையைத் தூக்கினாள். பேனாவை ஷீட்டில் வைக்காமல் அவளையே முறைத்தேன். தூக்கின கையோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சத்தியமா என்னுதுதான் மேடம். எழுதுங்க."

எழுதினேன்.