தோ என்றால் எத்தனை ஓம்?

கார் ஆடியோ வேலைக்கு நான் வந்தது முப்பத்திரண்டு வயதில். அதற்கு முன் உப்பலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். கையில் மல்டிமீட்டர் இருந்தால் எனக்கு யாரிடமும் பயம் கிடையாது. ஆனால் காரில் கை வைத்ததில்லை. கம்பெனியை மூடியதும் செகந்திராபாத்தில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் போய் வேலை கேட்டேன். முதலாளி காஜா பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளைங்க யாரும் இந்த வேலைக்கு வந்ததில்ல விஜயாம்மா. இன்னிக்கு ஒரு வண்டி இருக்கு. அது நல்லபடியா போனா நாளைக்கு வா. இல்லேன்னா நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம். பாய் பேசியது ஹைதராபாத் இந்தி. ரயில்வே காலனியில் வளர்ந்த எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு என்பதால் அவர் பேச்சை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

வண்டி ஸ்வரூபா என்ற தெலுங்கு அக்காவுடையது. அன்று அவர் தம்பிக்குக் கல்யாணம். ஆறு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம். பேசி வைத்திருந்த டிஜே வண்டிக்காரர் காலையில்தான் கைவிரித்திருக்கிறார். ஊர்வலத்தில் தீன்மார் என்கிற குத்தாட்டத் தாளத்தின் அடி இல்லாவிட்டால் இந்த ஊரில் அது கல்யாணமே இல்லை. அதனால் தன் காரிலேயே சப்வூஃபர் என்கிற பெரிய பேஸ் ஸ்பீக்கரும், அதற்கு பவர் தரும் ஆம்பும் போட்டு, டிக்கியைத் திறந்துவிட்டு முன்னால் ஓட்டிப் போகப் போகிறார்.

"காதுல கேட்டா போதாது அண்ணா. நெஞ்சுல அடிக்கணும்" என்றார் பாயிடம்.

அந்த சப்வூஃபர் டூயல் காயில் ரகம். ஒரே ஸ்பீக்கருக்குள் இரண்டு காயில். சீரிஸில் இணைத்தால் ஓம் இரண்டு மடங்காகும், பேரலலில் இணைத்தால் பாதியாகும். நாங்கள் வைத்திருந்த ஆம்ப் இரண்டு ஓம் வரை தாங்கும், அங்கேதான் முழு பவரும் தரும். அதற்குக் கீழே இறங்கினால் சூடாகி நின்றுவிடும், மேலே ஏறினால் பவர் குறையும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பார்களோ இல்லையோ, இந்தப் பொருத்தத்தை நாங்கள் பார்த்தே ஆகவேண்டும்.

நான் காயிலில் மீட்டரை வைத்தேன். மூன்று புள்ளி ஆறு காட்டியது. நாலு ஓம் காயில் என்றால் மீட்டரில் அப்படித்தான் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பாய் பின் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு காயிலுக்கு எத்தனை ஓம்?"

பார்த்துக்கொள்ளட்டும் என்று மீட்டரை அவர் பக்கம் நீட்டி, "தோ" என்றேன்.

"ஹவ்" என்றார், சரி என்கிற மாதிரி. நான் பேட்டரி பக்கம் ஃப்யூஸ் மாட்டப் போய்விட்டேன்.

நாலு மணிக்குப் பாட்டுப் போட்டோம். தீன்மார் வந்தது, ஆனால் யாரோ அடுத்த தெருவில் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுவது போல வந்தது. பாய் ஆம்பில் சத்தத்தைக் கூட்டும் கெயினைத் திருகினார். அடி கூடவில்லை, கரகரப்புதான் கூடியது. ஸ்வரூபா அக்கா வாட்சைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். என் வேலை வருவதற்கு முன்பே போகிறது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பாய், கெயினைக் குறைங்க. காயில் கருகிடும்" என்று சொல்லி, பாட்டை நிறுத்தி, ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி அந்த முனையில் மீட்டரை வைத்தேன். ஏழு புள்ளி இரண்டு.

"எட்டு ஓம் இருக்கு பாய். சீரிஸ்ல போட்டிருக்கீங்க."

"பின்ன? ரெண்டு ரெண்டு ஓம் காயிலை பேரலல்ல போட்டா ஒரு ஓம் ஆயிடும். ஆம்ப் செத்துடும்."

"நாலு நாலு ஓம் பாய். ரெண்டுன்னு யார் சொன்னா?"

"நீதான் சொன்ன. தோ-ன்னு."

இந்தியில் தோ என்றால் இரண்டு. அன்று முழுக்க அவரிடம் இந்தியில் பேசிய நான், அந்த ஒரு வார்த்தையை மட்டும், 'இதோ பாருங்க' என்கிற அர்த்தத்தில், வீட்டுத் தமிழில் சொல்லியிருக்கிறேன். நான் காட்டியதை அவர் பார்க்கவில்லை, காதால் எண்ணிக்கொண்டார். விளக்கிச் சொன்னதும் பாய் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பேரலலுக்கு மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மீட்டர் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. கெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பாட்டுப் போட்டேன். நம்பர் பிளேட் அதிர்ந்தது. பானெட் மேல் பாய் வைத்திருந்த டீ கிளாஸ் தானாக நகர ஆரம்பித்தது. ஸ்வரூபா அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு ரோட்டிலேயே ஆடினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கைப்பை மட்டும் இல்லையென்றால் நானும் ஆடியிருப்பேன்.

இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கில் சப்வூஃபர் மாட்டிவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாயால் சொன்ன ஓமை, அது நானே சொன்னதாக இருந்தாலும், நம்பாதீர்கள். ஆம்பில் மாட்டுவதற்கு முன்னால் ஒயர் முனையில் மீட்டரை வைத்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

அன்று வண்டி கிளம்பியதும் பாயிடம் கேட்டேன், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"தஸ்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் துணியில் துடைத்து, பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.