இஞ்சி பீர் காடியான நாற்பத்தெட்டு நாள்

என் வீட்டுக்காரர் தவறின வருஷம் பதினாறு நாள் நான் கடை திறக்கவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், அரசமரத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் என் பூக்கடை. பிள்ளையாருக்கு அந்தி விளக்கு போடுவது என் பொறுப்பு. இத்தனை நாள் இருட்டில் இருந்திருப்பாரே என்று மனசு அடித்துக்கொண்டே போனால், விளக்கில் எண்ணெய் இருக்கிறது, திரி புதுசாக இருக்கிறது.

எதிர்த்த பரோட்டாக்கடை ஜெயபிரியா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க பக்கத்துக் கடை மகராசன் வேலதான் மயினி. எண்ணெ ஊத்த என்னயக் கூப்புடுவாரு. குடிச்ச வாயோட சாமிகிட்டப் போவக்கூடாதுன்னு, ரோட்டுலயே நின்னு நீளக் கம்புல திரியக் கட்டிப் பத்தவப்பாரு. ஒருநா பிள்ளையார் வேட்டியவே கொளுத்தப் பாத்தாருல்லா!"

அந்த மகராசன்தான் இசக்கிமணி. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் கேட்கவில்லை.

அவனுக்கு அப்போது ஐம்பது வயசிருக்கும். பெண்டாட்டி போன பிறகு குடி முற்றிவிட்டது. ஒரே மகள் வேல்விழி. அவள் கல்யாணத்தன்று, தாலி கட்டுகிற நேரத்தில், பந்தக்கால் மேலேயே விழுந்தான். ராயகிரிக்கு வாழப்போன பிள்ளை அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகு என்ன நினைத்தானோ, சாஸ்தா கோயிலில் போய், இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்டிக்கொண்டான். கட்டினவன் அதை மீறினால் சாமி சும்மா விடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கை சும்மா இருந்தால் புத்தி அலையும் என்று தன் கடையிலேயே இஞ்சி பீர் போட்டு விற்க ஆரம்பித்தான். இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சம்பழம். உறைமோர் விடுகிற மாதிரி பழைய சரக்கில் ஒரு கரண்டி விட்டு, பாட்டிலில் அடைத்து இரண்டு நாள். திறந்தால் புஸ்ஸென்று நுரைக்கும். பேர்தான் பீர், பிள்ளைகள்கூடக் குடிக்கும். 'போதை கிடையாது' என்று அவனே போர்டில் எழுதி வைத்திருந்தான்.

கயிறு கட்டி மூன்று வருஷம் ஆன ஆடி மாசம், வேல்விழியிடமிருந்து போன் வந்தது. "வெள்ளிக்கெழம பிள்ளையத் தூக்கிட்டு வாரேன். திருந்திட்டீங்கன்னு சொல்லுதாவ. ஆனா ஒண்ணு, வாசம் அடிச்சுது, அப்படியே திரும்பிருவேன்." அந்தப் போனை அவன் என் கடை முன்னால் வைத்துத்தான் பேசினான். பேசி முடித்துப் பிள்ளையாரைப் பார்த்தான். கிட்டப் போகவில்லை. கயிறு கட்டின பிறகும் அவனுக்கு அந்த நாலு எட்டு தூரம் இருந்தது.

அந்த வாரம் பார்த்து மலையில் பேய்மழை. அருவியில் வெள்ளம், ஒன்பது நாள் குளிக்கத் தடை. சீசன் கூட்டம் அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டது. இரண்டு நாளில் விற்க வேண்டிய சரக்கு மூடின பாட்டிலுக்குள்ளேயே கிடந்து வேறு ஒன்றாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை நகர்த்தினான், படபடவென்று வெடித்தது. தலையிலிருந்து வேட்டி வரைக்கும் நனைந்து நிற்கிறான். சாராய நெடி ரோடு வரைக்கும் அடிக்கிறது. அந்த நேரம்தான் ஆட்டோ வந்து நின்றது.

வேல்விழி ஒரு காலைக் கீழே வைத்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"மாறவே மாட்டீங்க, என்னப்பா?"

"ஏட்டி, பாட்டிலு வெடிச்சுட்டுது. நான் பாத்துட்டுதான நிக்கேன்," என்றேன்.

"ஆமா அத்தை, என் கல்யாணத்தன்னைக்கும் ஏதோ வெடிச்சுட்டுதுன்னுதான் சொன்னாவ."

இசக்கிமணி சத்தியம் பண்ணவில்லை. கயிறு கட்டின கையை நீட்டினான், அவ்வளவுதான். அவள் பார்க்கவில்லை. ஆட்டோ திரும்பும்போது பின்னாலேயே நாலு எட்டு நடந்து சொன்னான்: "நாப்பத்தெட்டு நா கழிச்சு வா தாயி. இதுல ஒரு சொட்டு என் வாயில பட்டிருந்தா, நீ என் முகத்துலயே முழிக்க வேண்டாம்."

வெடிக்காமல் அறுபது பாட்டில் மிச்சம். ஆற்றில் ஊற்று என்றார்கள். ஒரு லாட்ஜ்காரர் ரகசியமாக விலைக்குக் கேட்டார். இவன் ரெண்டுக்கும் முடியாது என்று மண்டையை ஆட்டிவிட்டான்.

"ஊத்துனா குடிச்சு முடிச்சுட்டான்னு ஆயிரும். வித்தா சாராயம் வித்தவன்னு ஆயிரும். யக்கா, இது மூடி வச்சா சாராயம், தெறந்து வச்சா புளிச்சுக் காடி, வினிகரும்பாவளே அது. எங்க வீட்டுக்காரி இருந்தப்ப ஊறுகாய்க்குப் பதனிய இப்படித்தான் புளிக்க விடுவா."

இரண்டு பெரிய ஊறுகாய்ச் சாடியில் எல்லாவற்றையும் ஊற்றினான். மூன்றாவது சாடியில் வெறும் அருவித் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு. மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் பட்ட இடத்தில் என்னைக் கத்தியால் கோடு போடச் சொன்னான். வாயில் மெல்லிய துணி கட்டி, நானும் ஜெயபிரியாவும் மூன்றையும் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தோம். குச்சி என் கடையில்.

"தண்ணி எதுக்குல?"

"இருக்கட்டும்க்கா."

முதல் பத்து நாள் அவன் பட்டபாடு சாமிக்குத்தான் தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவன் ரோட்டைத் தாண்டி நிற்பான். ஒருநாள் பரோட்டாக்கடைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கூப்புடுதுக்கா, பேரச் சொல்லிக் கூப்புடுது" என்றான். நான் துன்னூறு எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

இருபது நாளில் நெடி மாறியது. முப்பதாம் நாள் துணியை விலக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன். மேலே வெள்ளையாக ஒரு ஆடை, இளநீர் வழுக்கை மாதிரி, சாடியின் வாய்க்கு அளவெடுத்தது போல வட்டமாக மிதக்கிறது. குச்சியால் தொட்டால் நழுவுகிறது, கிழியவில்லை. யாரும் விதை போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. வெறும் காற்றிலிருந்து ஒரு உயிர் இறங்கி வந்து, மனுஷனைக் கெடுக்கிறதைத் தின்று நல்லதாக்கிக்கொண்டு இருக்கிறது. நான் மூன்றாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள், அதற்குப் பேர் தெரியாது. கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவனும் கும்பிட்டுக்கொண்டு இருந்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் வேல்விழி வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இடுப்பில் பேத்தி. நான் குச்சியை முதல் சாடியில் விட்டு எடுத்தேன். ஈரம் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது.

அடுத்த காடிச் சாடியிலும் விட்டுப் பார்த்தேன், அதே கதை. வேல்விழி அவனைப் பார்த்தாள். "கொறையுதே?"

அவன் மூன்றாவது சாடியைக் காட்டினான். குச்சியைத் துடைத்துத் தண்ணீரில் விட்டேன். அதிலும் அதே ஒரு விரல்கடை.

"வெயிலும் காத்தும் குடிச்சிருக்கு தாயி," என்றான். "அதுகளுக்கு நான் எங்கன கொண்டுபோய்க் கயிறு கட்ட?"

அவள் சிரிக்கவில்லை. காடியை ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போனது. "அய்ய, என்னா புளிப்பு!" என்று சொல்லும்போதுதான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

அந்தக் காடியில் உப்புப் போட்டுப் பிள்ளையார் விளக்கைத் துலக்கினேன். பொன்னாக மின்னியது. அன்றைக்கு அந்தியில் அவனை ஏற்றச் சொன்னேன். பழக்கத்தில் கம்பைத் தேடினான். "கையால ஏத்துல," என்றேன். கிட்டே வந்து ஏற்றினான்.

மறுமாசம் காடிச் சாடிகளை என்னிடம் விட்டுவிட்டு மகளோடு ராயகிரிக்கே போய்விட்டான். இந்தப் பங்குனியில் அங்கேயே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாக வேல்விழி போன் பண்ணினாள். கடைசி வரைக்கும் கயிறு கையில் இருந்ததாம்.

ராயகிரிக்குப் போக, தென்காசி பஸ் ஸ்டாண்டில் சிவகிரி பஸ் ஏற்றிவிட்டதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது. பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"யக்கா, துணி மட்டும் போட்டு வையுங்க. சாடிய மூடிராதீங்க!"