அரிக்காது

ஓட்டலில் பாத்திரம் தேய்த்த காலத்தில் அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. சோற்றில் கை வைத்தால் காந்தும். காஸ்டிக் சோடாவைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டி, வீட்டின் பின்புறத்தில் தானே ஒரு சோப்பு காய்ச்சினாள். கை தப்பியது. கூட வேலை செய்த பெண்கள் கேட்டார்கள். கடைக்காரர்கள் கேட்டார்கள். பேருக்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பச்சை உறையில் 'அரிக்காது' என்று அச்சடித்துவிட்டாள்.

"சிங்கம்னு வைடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்று புருஷன் இன்றைக்கும் குத்திக்காட்டுவான். "சோப்புக்குள்ள சிங்கமா இருக்குன்னு கேட்டா மகராசி."

இப்போது எவனோ ஒருவன் அதே பேரில், அதே பச்சை உறையில் சோப்பு விடுகிறான். தொட்டால் தோல் உரிகிறது. அவனைத் தடுக்கவேண்டுமானால் பேரைப் பதிவு செய்தாகவேண்டும் என்றார் வக்கீல். விண்ணப்பித்தாள். பதிவு அலுவலகத்திலிருந்தே ஆட்சேபணை வந்தது, நேரில் போய் நின்றாள்.

அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். அரிக்காது என்பது சரக்கின் குணமாம். எந்தச் சோப்புக்காரனும் சொல்லக்கூடிய சொல்லை ஒருத்திக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாதாம். சிங்கம் என்றால் கொடுத்திருக்கலாமாம். 'பளபளப்பு' என்ற பேரை ஒரு பெரிய சோப்புக் கம்பெனிக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று வக்கீல் கேட்டார். அவர்கள் வருஷக்கணக்காக விளம்பரம் செய்து, அந்தச் சொல்லைக் கேட்டாலே தங்கள் நினைவு வரும்படி செய்துவிட்டார்களாம். காசைக் கொட்டினால் பொதுச் சொல்லும் சொந்தமாகும். கை வெந்து சம்பாதித்தால் ஆகாது. இதற்குச் சட்டம் என்று பெயர்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேரு எல்லாருக்கும் பொதுன்னா, திட்டும் பொதுவாத்தானே சார் வரணும்? அவன் சோப்புல கை வெந்தவங்க எல்லாம் என் வாசல்ல வந்து ஏன் மண்ணை வாரித் தூத்துறாங்க? அந்தப் பேரைக் கேட்டா என் மூஞ்சி ஞாபகம் வர்றதாலதானே?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வக்கீல்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கணம் அவள் நம்பிவிட்டாள். பிறகு அதிகாரி, விற்பனை ரசீது, விளம்பரச் செலவுக் கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கூடையில் சுமந்து கடை கடையாக விற்றவளிடம் ஏது ரசீது? வாங்கிய திட்டுக்குத்தான் யார் ரசீது கொடுத்தார்கள்? விண்ணப்பம் தள்ளுபடியானது.

வீட்டு வாசலில் ஓட்டல் சிநேகிதி காத்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"நீயே இப்படிப் பண்ணலாமாக்கா?"

அது தன் சோப்பில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே போய்த் தன் சோப்பு ஒன்றை எடுத்தாள். பச்சை உறையைக் கிழித்தெறிந்துவிட்டு வெறும் கட்டியாகக் கொடுத்தாள். சிநேகிதி மோந்து பார்த்து, பழைய மணம்தான் என்று சமாதானமானாள்.

"சரிக்கா, இனிமே இதையே வாங்குறேன். கடையில என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?"