நண்டு வேண்டாம் என்றது தலைமடை

அத்தைக்குப் பூதலூர் பக்கம் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். வாங்கிய நிலம் வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது. மேலே இருக்கிற ஒன்பது மடைக்காரர்களும் பாய்ச்சி முடித்த பிறகுதான் அத்தைக்கு முறை. முறை எப்போது வரும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. போன வருடம் அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தண்ணீர் வந்து, யார் வயலுக்கோ திரும்பிவிட்டது. நாற்றங்கால் காய்ந்துபோனது. இந்த வருடமும் காய்ந்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாகச் சொன்னார். அத்தை சொன்னால் செய்துவிடுவார்.

இதற்காகத்தான் நான் அந்தச் செயலியை எழுதினேன். ஒருவர் தன் மடையை அடைத்ததும் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அடுத்த மடைக்காரருக்குச் சேதி போகும். அவ்வளவுதான். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்தேன். எங்கெங்கோ இருந்து ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரும் வாய்க்காலைப் பார்த்ததில்லை.

சின்னம் நான் வரைந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வயல் நண்டு, ஒரு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்பா சின்ன வயதில் நடவு வயலில் நண்டு பிடித்துச் சுட்டுத் தின்ற கதையைச் சொல்லாத மழைக்காலம் எங்கள் வீட்டில் இல்லை. சளி பிடித்தால் நண்டு ரசம். வயல் என்றால் எனக்கு நண்டு. தஞ்சாவூரில் மாடி வீட்டில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் தெரியாது.

வாய்க்கால் சங்கத் தலைவருக்குத் தலைமடையில் நிலம். அவர் செயலியை ஏற்றச் சொன்னால்தான் மற்ற எட்டுப் பேரும் ஏற்றுவார்கள். அவருடைய போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். திரையைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன?"

"நண்டுங்க."

"நண்டுன்னு தெரியுதும்மா. வரப்புல வளை போட்டு விடிய விடிய தண்ணிய ஒழுக விடுற சனியன். அதைத் தேடித் தேடி அடைக்கவே எனக்கு நேரம் பத்தல. நீ அதைக் கொண்டாந்து சட்டைப் பையில போடுறியே?"

கூலிக்கு இறங்கியவர்களுக்கு நண்டு சாப்பாடு. நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது திருடன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அன்று மாலை, சின்னத்தை மாற்றலாமா என்று இணையத்தில் கேள்வி வைத்தேன். நண்டு இருக்கட்டும் என்பதற்கு நான்கு காரணங்கள் எழுதினேன்: பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது, சின்னதாக்கினாலும் தெளிவாக இருக்கிறது, ஒட்டுப்படங்கள் அச்சடித்தாகிவிட்டது, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரே காரணம்: தண்ணீர் வராது. பதில்கள் குவிந்தன. நண்டுதான் நம் ஆன்மா என்றார் ஒருவர். அவர் மடிக்கணினியில் நண்டை ஒட்டி வைத்திருந்தார். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளர் மட்டும் நீல நிறத்தில் ஒரு தண்ணீர்த் துளி வரைந்து அனுப்பினார்.

அந்தத் துளியோடு, நானே வரைந்த கதிரையும் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குப் போனேன். தலைவரும் மற்ற மடைக்காரர்களும் உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் வந்து வாசலோரம் நின்றார். தண்ணீர் திறக்க நான்கு நாள்தான் இருந்தது.

முதலில் கதிரைக் காட்டினேன்.

"கதிரா? அது கட்சிச் சின்னம்" என்றார் மூன்றாம் மடைக்காரர்.

"அதுல அரிவாள் இருக்கும். இதுல இல்லையேங்க."

"நாளைக்கே எவனாவது வரைஞ்சு வச்சுருவான்."

இலையைக் காட்டினேன். தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணு இருந்தாலும் இன்னொண்ணு எங்கன்னு கேப்பாங்க."

துளியைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கண்ணீர் மாதிரி இருக்கிறதாம். விதை விடுகிற நேரத்தில் அபசகுனமாம். பிறகு நிறங்களுக்குப் போனார்கள். நான் நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள், நீலம், காவி எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வெள்ளை மட்டும் தப்பித்தது. வெள்ளை சின்னத்துக்கு ஆகாது என்று நானே அடித்துவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டுக் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்றார் அத்தை வாசலிலிருந்து. "நாலு நாள்ல தண்ணி வருது. படத்தைப் பாப்பீங்களா, மடையைப் பாப்பீங்களா?"

"நீ சும்மா இரு தங்கச்சி. ஊருக்குப் பொதுவான விஷயம்" என்றார் தலைவர்.

முதலில் நண்டையாவது எடுத்துவிடலாம் என்று அங்கேயே மடிக்கணினியைத் திறந்தேன். படத்தை நீக்கி, புதிய பதிப்பைத் தலைவரின் போனில் ஏற்றினேன். அவசரத்தில் நண்டுக்குப் பதிலாக எதையும் வைக்க மறந்துவிட்டேன். நண்டுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறச் சதுரம் மட்டும் திரையில் நின்றது. காலியாக, பல் விழுந்த இடம் மாதிரி.

தலைவர் போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லைங்க. அது வந்து..." என்று விளக்கத் தொடங்கினேன். எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை, அத்தை என் முழங்கைக்கு மேல் நறுக்கென்று கிள்ளினார். வாயை மூடிக்கொண்டேன்.

போன் கை மாறி ஐந்து பேரிடம் போனது. "சாம்பல்ல எவனுக்காச்சும் கொடி இருக்கா?" என்று கேட்டார் தலைவர். எல்லாரும் யோசித்தார்கள். ஆறாம் மடைக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"அப்ப ஏத்துங்கப்பா" என்றார் தலைவர்.

அன்றே மற்ற ஒன்பது போன்களிலும் ஏற்றினேன். அத்தையின் போனில் கடைசியாக.

இணையத்தில் நண்டுக்காரர்கள் இரண்டு நாள் துக்கம் காத்தார்கள். ஐரோப்பிய வடிவமைப்பாளர் மட்டும், இத்தனை துணிச்சலான எளிமையைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றும், தன் துளியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதினார். நன்றி என்று பதில் போட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் உண்மை வெளியே வந்துவிடும்.

தண்ணீர் திறந்த ஆறாவது நாள், நண்பகலில், நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார்.

"அடியே, ஒம்பதாம் மடைக்காரன் அமுக்கிட்டான். எனக்குச் சேதி வந்துச்சு."

"தண்ணி வந்துச்சா அத்தை?"

"எங்க வந்துச்சு? சேதி வந்து இருபது நிமிஷம் மண்டை காய நின்னேன். அப்புறந்தான் வந்துச்சு. உன் மிஷினு தப்பு."

"தப்பு இல்ல அத்தை. அங்கேருந்து உங்க மடை வரைக்கும் தண்ணி நடந்து வரணும்ல?"

"அது எனக்குத் தெரியும். உன் மிஷினுக்குத் தெரிய வேணாமா? நீதானே எஞ்சினியரு?"

செயலியின் மேல் வயலிலிருந்து வந்த முதல் குறை அதுதான். சோற்றுக் கையோடு இடது கையால் குறித்துக்கொண்டேன்: மடைகளுக்கு இடையிலான தூரம், தண்ணீரின் வேகம், இருபது நிமிடம்.

"சரி பண்றேன் அத்தை. நாத்தங்கால் நனைஞ்சிடுச்சா?"

"நனையாம? நடுச் சேத்துல நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன். வை, போன் விழுந்துரும்."