களரில் நின்ற தண்ணீர்

மாசி மாதத்துக் காலையில் எங்கள் கழனியில் செருப்பில்லாமல் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். வீடு வந்து சேர்வதற்குள் பாதமெல்லாம் வெள்ளை பூத்து, குதிகால் வெடிப்பில் சுருக்கென்று எரியும். அதே கழனி மழை நாளில் சோப்பு போட்ட தரைபோல் வழுக்கும். ஊரில் அதற்கு ‘களரு’ என்று பெயர். வேங்கிக்கால் ஊரைத் தாண்டி, ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த அரை ஏக்கர் அது. மலையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பயிரைப் பார்க்கத்தான் வேறு இடம் போக வேண்டும். நெல் போட்டால் திட்டுத் திட்டாக முளைத்து, நுனி கருகி, ஒரு சாண் வளர்வதற்குள் படுத்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு அந்தக் கழனி என்றால், அம்மாவுக்கு ‘செவல’ என்ற சிவப்புக் கறவை மாடு. அதன் பால் ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களுக்குப் போகும். மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொடி தை மாதம் வரைதான் மாட்டுக்குத் தாங்கும். அப்புறம் அம்மாவும் நானும் ஏரிக்கரை முழுக்கப் புல் தேடி அலைவோம். செவல என்னவோ களரு வரப்பின் உப்பை ஆசையாக நக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலத்தால் எங்கள் வீட்டில் பலன் கண்ட ஒரே ஜீவன் அதுதான். “இந்த வருசமும் தீனி இல்லன்னா மாட்ட ஓட்டிவுட வேண்டியதுதான்” என்று நைனா சொல்லிவிட்டார். அந்த அரை ஏக்கரில் மாட்டுச் சோளம் முளைத்தால் போதும், மாடு வீட்டில் தங்கும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ‘அக்ரி சார்’ என்போம். மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு அவர் வழி சொன்னார்: ஜிப்சம் தூவி உழுது, வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரை ஒரு சாண் நிறுத்த வேண்டும், மூன்றாம் நாள் வரப்பை வெட்டி, உப்பு கரைந்த தண்ணீர் அத்தனையையும் ஓடையில் விட்டுவிட வேண்டும், இப்படி மூன்று முறை செய்தபின் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் அதற்குமேல் சோளம் வரும். நைனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்; மறுநாள் பக்கத்துக் கழனிக்காரருக்கு அவரே வாத்தியாராகி எல்லாவற்றையும் விளக்கினார். ஜிப்சம் தூவிய அன்று நாங்கள் மூவரும் தலையோடு கால் மாவு மிஷினிலிருந்து வந்தவர்கள்போல் இருந்தோம். அம்மா அன்று சிரித்ததுபோல் அப்புறம் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. கழனி நிரம்பி, மலை அதில் தலைகீழாகத் தெரிந்தது. நைனா காலையும் மாலையும் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகியவர் அவர்; நண்டு வளையில் தண்ணீர் கசிகிறது என்று யாராவது சொன்னால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறவர். மூன்றாம் நாள் அம்மா மண் வெட்டும் ‘மம்முட்டி’யைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கழனியை ஒரு சுற்றுச் சுற்றினார். வெட்டுவார் என்று பார்த்தால், இரண்டு நண்டு வளையை மிதித்து அடைத்துவிட்டு வந்து நின்றார். நாலாம் நாளும் அதே கதைதான்.

ஐந்தாம் நாள் அவர் டவுனுக்குப் போயிருந்தபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், தானே வரப்பை வெட்டினாள். டீத்தண்ணி நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் பாய்ந்தது. கால்வாசிகூட வடிந்திருக்காது, நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அம்மாவை அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் நேராகப் போய், தண்ணீர் முதுகில் முட்ட, வெட்டிய இடத்தில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

“ஏந்திரிங்க. உப்புத் தண்ணிங்க அது. சார் அவ்ளோ சொன்னாரில்ல” என்றாள் அம்மா.

“தெரியும்டி. எல்லாம் தெரியும். வுடறதுக்குக் கை வரமாட்டேங்குது” என்றார் நைனா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

யார் கையைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். அம்மாவே மண்ணை அள்ளிப் போட்டு உடைப்பை அடைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வருஷம் மழை இல்லை. நின்ற தண்ணீர் நின்ற இடத்திலேயே சுண்டியது. உப்பு எங்கேயும் போகவில்லை, பழையபடி மேலே வந்து பூத்தது. அதன்மேல் விதைத்த தக்கைப்பூண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து மஞ்சளாகி நின்றது. பங்குனியில் செவலையை விற்றோம். ஓட்டிப்போகிற வழியில் களரு வரப்பைப் பார்த்ததும் அது நின்று நக்கத் தொடங்கியது. வாங்கியவர் அதட்டி இழுக்கும்வரை நக்கியது. அம்மா அப்போது கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்காக அவள் நைனாவோடு சண்டை போட்டதில்லை. எனக்குத்தான் ரொம்ப வருஷம் அவர்மேல் கோபம் இருந்தது. அவரால் முடியவில்லை என்பது புரிந்த பிறகும் அது முழுசாகப் போகவில்லை.

இப்போது அங்கே கழனியும் இல்லை, வரப்பும் இல்லை. கல் நட்டு மனை போட்டாகிவிட்டது; எங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு மனையில் நான் வீடு கட்டியிருக்கிறேன். மாடி வீடுகள் மறைத்து மலையும் தெரிவதில்லை. உப்பு மட்டும் இருக்கிறது. இடுப்புயரத்துக்குச் சுவர் வெள்ளை பூத்து, அடித்த பெயிண்ட் அப்படியே உரிகிறது. “உப்பு ஜாஸ்திங்க, நாங்க இன்னா பண்றது” என்று பெயிண்டர் கையை விரித்துவிட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. நைனா என்னோடு இருக்கிறார்.

போன ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் எங்கள் வாசற்படிவரை ஏறிவிட்டது. ரோடு போட்டவர்கள் கால்வாய் ஓரம் குவித்த மண் தடுத்துக்கொண்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நைனா பழைய மம்முட்டியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் மண்ணை வெட்டினார். நாலே வெட்டு. தண்ணீர் திறந்துகொண்டு ஓடியது. படி தெரியும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோதானா?” என்றார். “வெட்டி வுட்டா போயிடுது.”

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்: “காந்தா, வெளியே வந்து பாரு.”