மலையைப் பார்த்து முதல் சுரம்

எங்கள் கடையில் வாத்தியம் வாங்குகிறவர்கள் பணத்தைக் கொடுத்த உடனே கிளம்பிவிட மாட்டார்கள். "அண்ணே, நீங்களே ஒரு தடவை வாசிச்சுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல என் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வருவார். வாத்தியத்தைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய், எதிர்ச் சாரியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் மலையைப் பார்த்து நின்று, ஒரே ஒரு 'ச' வாசிப்பார். டோலக் என்றால் ஒரு தட்டு, ஜால்ரா என்றால் ஒரு சத்தம். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார்.

இவர் ஒன்றும் வித்வான் இல்லை. ஆர்மோனியத்தில் நாலு பாட்டு வாசிப்பார், அதில் இரண்டு பாதியில் நிற்கும். ஆனால் கைராசிக்காரர் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டார். இவர் கையால் கீபோர்டு வாங்கிய பையன் பெங்களூரில் கச்சேரி பண்ணுகிறான், இவர் தொட்டுக் கொடுத்த மிருதங்கம் மேடை ஏறிவிட்டது என்று யார் யாரோ வந்து சொல்வார்கள். மார்கழி பஜனைக்கு ஜால்ரா வாங்க வரும் கிராமத்துக்காரர்கள், சமணக் கோயில் பூஜைக்கு ஆர்மோனியம் வாங்கிய நயினார் குடும்பம், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள், எல்லோருக்கும் அந்த ஒரு 'ச' வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்வார்கள். இவர் அதற்கென்று தலைசீவிக்கொண்டு நிற்பார். நான் வீட்டில் கிண்டல் பண்ணுவேன். "இதெல்லாம் தொழில்ல ஒரு மரியாதைடி" என்பார்.

நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பார்சல் எல்லாம் முதலில் என் கண்ணில்தான் பட்டது. மதிய நேரத்தில் வாட்ச்மேன் மேசைக்குப் பக்கத்தில் பழுப்பு நிற அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடக்கும். செருப்பு, குக்கர், சுடிதார். அதில் ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்த நீளமான பெட்டி ஒன்றைப் பார்த்தேன். அதன் மேல் கிட்டார் படம் அச்சடித்திருந்தது. என் செக்ஷனில் இருக்கிற அம்மா, "பையன் கேட்டுக்கிட்டே இருந்தான், ஆன்லைன்ல ரேட்டு ரொம்பக் கம்மி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கடை அவருக்குத் தெரியும். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

ஆனால் அந்தப் பெட்டி இவரைத் தேடிக்கொண்டு தானே கடைக்கு வந்தது. விஜயதசமி அன்று கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும் என்பதால் ஆபீஸ் விடுமுறையில் நானும் கூட நிற்பேன். அந்த வருஷம் காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பத்து மணி வாக்கில் செக்ஷன் அம்மா மகனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அதே பெட்டி. "தப்பா எடுத்துக்காதீங்க சார். என்ன இருந்தாலும் உங்க கைராசி வராது. ஒரு தடவை மீட்டிக் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாங்கும்போது நினைவுக்கு வராத கை, வாசிக்கும்போது வந்துவிட்டதா? நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் பெட்டியைப் பிரித்தார். சுருதி சேராமல் வந்திருந்தது. உட்கார்ந்து சுருதி சேர்த்தார். பிறகு வாசலுக்குப் போய், மலையைப் பார்த்து ஒரு மீட்டு மீட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு ரோசமே கிடையாதா? நம்ம கடை சாமானா அது?"

"கேட்டு வந்துட்டாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது."

"இந்தக் கைக்கு அப்படிப் பழக்கமில்ல" என்றார், தன் கையைப் பார்த்துக்கொண்டே.

அதற்கு அடுத்த விஜயதசமிக்கு நான் கடைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். தெருமுனையில் திரும்பும்போதே கடை வாசலில் வரிசை நிற்பது தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. காலம் மறுபடி திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே போகப் போக அவர்கள் கையில் இருந்தது தெரிந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டைப் பெட்டி. சிலர் டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. எங்கள் கடைக்கு வந்து எதுவும் வாங்காமல், வரிசையில் நின்று, கைராசியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வாசித்துக் கொடுத்தார். அன்று எங்கள் கடையில் போணியே ஆகவில்லை.

எதிர்ச் சாரியில் அந்தச் சமயம் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஊரில் எத்தனை லாட்ஜ் கட்டினாலும் போதவில்லை. முதலில் மலையின் அடிவாரம் மறைந்தது. தளம் தளமாக ஏற ஏற இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது. தீபம் ஏற்றுகிற உச்சி மட்டும் கொஞ்ச நாள் ஒரு விரல் நுனி அளவுக்கு எட்டிப் பார்த்தது. ஒரு நாள் அந்த இடத்தில் சிமெண்ட் பூசாத செங்கல் சுவர் நின்றது. இவர் அப்போதும் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்தில்தான் நிற்பார், அந்தச் சுவரைப் பார்த்து வாசிப்பார். "கொஞ்சம் தள்ளி நின்னா மலை தெரியுமே" என்றேன். "மலை அங்கதான இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குச் சகுனமாகவே தெரிந்தது. எலி புகுந்து ஒரு ஆர்மோனியத்தின் துருத்தியைக் கடித்து வைத்தது. மத்தளத் தோல்கள் தட்ட ஆளில்லாமல் தளர்ந்து போயின. ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே லைட் எரியாது. "யாரும் வரல, கரண்ட் எதுக்கு தண்டமா?" என்பார். ஒரு சாயங்காலம் முன்பின் தெரியாத ஒருவன் டேப்பை நீட்டி எங்கள் கடையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். கட்டடத்துக்காரர் அனுப்பினாராம். இவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அளப்பவன் டேப்பின் ஒரு முனையை நீட்டி "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றான். இவர் எழுந்து வந்து பிடித்தார். உயிரோடு இருக்கும் ஆளுக்குப் பாடைக்கு அளவெடுக்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டில் சோறு விழும்வரை அதன் விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. "சோறு வரும், தட்டை உடைக்காதீங்க" என்பேன். பிறகு அந்தச் சத்தம் கேட்காமல் எனக்குப் பரிமாற வராது. அது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் குழம்பு ஊற்றும்போது வீடு இத்தனை அமைதியாக இருக்கிறதே என்று தோன்றியது. அப்போதுதான் கவனித்தேன். கை தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. இவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"எல்லாருக்கும் ராசி, எனக்கு மட்டும் இல்ல பாத்தியா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நான் தொட்டுக் குடுத்த பார்சல் ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இருக்கு. விருத்தியாகுது. இந்தக் கைதான் அதை வளத்து விட்டுது போல."

கிறுக்குத்தனமாகப் பேசாதீர்கள் என்று அதட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கடை போகட்டும், என் சம்பளத்தில் சாப்பிட்டுவிடலாம். இந்த மனிதர் தன் கையை நம்புவதை விட்டுவிட்டால் என்ன ஆவார்? அதுதான் என் பயம்.

கடையைக் காலி செய்த அன்று மிஞ்சிய சரக்கை வேலூர்க்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று கட்டடத்துக்காரர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு போர்டு மாட்டியபோது தெரிந்தது, ஆன்லைன் பார்சல்களை இறக்கி ஊருக்குள் அனுப்புகிற கம்பெனி. எங்களுக்கு எழவு சொன்னவனே எங்கள் வீட்டுக்குக் குடிவந்த மாதிரி இருந்தது. அதன் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். மரியாதை தெரிந்த ஆள்தான். "திறப்பு விழாவுக்கு நீங்கதான் சார் விளக்கேத்தணும். ராசியான இடம், ராசியான கைன்னு எல்லாரும் சொல்றாங்க." நான் உள்ளேயிருந்து பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் விளக்கேற்றிவிட்டு வந்தார்.

அது முடிந்ததும் வீட்டில் அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் தினமும் கடை திறக்கிற நேரத்துக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றால் "சும்மா கோயில் பக்கம்" என்பார். ஒரு நாள் கூட நெற்றியில் விபூதி இல்லை. நான் ஆபீசில் உட்கார்ந்து என்னென்னவோ யோசிப்பேன். கிரிவலப் பாதையில் எத்தனை குளம் இருக்கிறது, அதில் எதில் தண்ணீர் இருக்கிறது என்று யோசிப்பேன். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். கேட்டால் நானே அதை நினைவுபடுத்தினது போல ஆகிவிடுமோ என்று விட்டுவிடுவேன்.

சென்னையில் இருக்கும் என் மகளிடம் இதை அழுதுகொண்டே சொன்னேன். அவள் என்னைப் போல இல்லை, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். "குழந்தைக்கு ஒரு சின்ன கீபோர்டு அங்கயே வர்ற மாதிரி ஆர்டர் போடறேன்மா. தீபத்துக்கு வரும்போது எடுத்துக்கறேன். அப்பா கையாலதான் முதல்ல வாசிக்கணும். பேத்திக்குன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டார். அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடாதே." கடை இருந்திருந்தால் அங்கேயே வாங்கியிருப்பேன் என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. பல நாள் கழித்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் முன்பு ஆட்டோ ஓட்டியவர். இப்போது அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"இன்னைக்கு மொத பார்சல் உங்களுதுதான்க்கா" என்றார்.

"அப்படியா?"

"ஆமாக்கா. அண்ணன் கையால எடுத்துக் குடுத்தது. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. எந்த அண்ணன் என்று கேட்டேன்.

"நம்ம அண்ணன்தான். உங்களுக்குத் தெரியாதா? டெய்லி காலைல வந்து மொத பார்சலை அவர்தான் எடுத்துக் குடுப்பாரு. போணி மாதிரி. மேனேஜர் ஒரு சேர் போட்டு வச்சிருக்காரு. அவரு குடுத்த நாள்ல எல்லாமே டக் டக்குனு டெலிவரி ஆயிடுது, ரிட்டனே வர்றதில்ல."

கூடத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தேன். மேலே கீபோர்டு படம் பெரிதாக இருந்தது. அதன் கீழே என் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் இருந்தன.

"அவர் அட்ரஸைப் பாத்தாரா?"

"பாத்தாருக்கா. கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தாரு. வாசலுக்கு எடுத்துட்டுப் போயி எதிர்ல லாட்ஜைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் குடுத்துட்டாரு."

வண்டிக்காரர் போய்விட்டார். மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. இந்த மனிதர் எந்தக் குளத்தங்கரைக்கும் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று தினமும் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறது. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது நான்தான்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். கூடத்தில் இருந்த பெட்டியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எதுவும் தெரியாதவளைப் போலப் பேசினேன்.

"பேத்திக்குப் பொண்ணு அனுப்பி வச்சிருக்கா. உங்க கையால முதல்ல தொட்டுக் குடுக்கணுமாம்."

"அதான் காலையிலயே குடுத்துட்டேனே" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். விளிம்பில் விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். "போடு, பசிக்குது" என்றார். போட்டேன்.